எதிர்காற்றில் எண்பத்து மூன்று

நாச்சிமுத்துவின் எடைமேடையில்
தேங்காய் லாரிக்கும் பருத்தி டெம்போவுக்கும் நடுவே
பூபதியின் எஸ்டீம் ஏறி நின்றது.
"எறங்காதீங்க, உள்ளயே இருங்க" என்றேன்.
ஓடும்போது ஓட்டுகிறவரும் எடைதான்.
ஆயிரத்து அறுபது கிலோ.
சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

"நூத்தியிருவது குதிரைங்க."
அது அவர் சொல்வது.
ரஃபீக் கேம் ஷாஃப்ட் மாற்றியிருக்கிறான்,
ஹெட்டை இழைத்திருக்கிறான்,
சைலன்சர் ஊரைக் கூட்டுகிறது.
சத்தம் கணக்கில் சேராது.

குண்டடம் தாண்டி
இன்னும் திறக்காத புறவழிச்சாலை.
கால் மைல், நானூற்றிரண்டு மீட்டர்,
சங்கிலி பிடித்து அளந்தோம்.
கடைசி இருபது மீட்டரின் இரு முனையிலும்
எங்கள் மில்லில் கழித்துப்போட்ட ஒளிக்கண்கள்.
அறுந்த நூலைக் கண்டே பழகியவை.
ஒரு முழுக் காரை இன்றுதான் பார்க்கப் போகின்றன.

போனார்.
புள்ளி ஐந்து இரண்டு ஆறு நொடி.
மணிக்கு நூற்று முப்பத்தேழு.
வேகத்தை வேகத்தால் பெருக்கி
மறுபடியும் வேகத்தால் பெருக்கி
எடையைக் கோத்து, வகுக்க வேண்டியதால் வகுத்தேன்:
நூற்றுப் பன்னிரண்டு.
"பாத்தீங்ளா! எட்டுத்தானுங் கொறையுது!"

வேகம் இம்மி பிசகினால்
விடை மூன்று இம்மி பிசகும்.
நான் மேலே பார்த்தேன்.
காற்றாலைகள் பேய் பிடித்துச் சுற்றின.
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
அவரும் கிழக்கேதான் போயிருந்தார்.

"இப்பத் திருப்பி ஓட்டுங்க."
"எதுக்குங்?"
"ஓட்டுங்க சொல்றேன்."

மேற்கே பார்த்து
புள்ளி ஐந்து எட்டு ஒன்று.
எண்பத்து மூன்று.

அந்தியூர்ச் சந்தையில் சுழி பார்த்து வாங்கிய குதிரை
பவானி வருவதற்குள் நொண்டியதுபோல
பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால்
தொண்ணூற்றேழு.
"அது உங்க வண்டியோடது.
மொதல்ல வந்ததுல பதினஞ்சு
காத்துக்குச் சொந்தம்."

"மொதல்ல வந்ததையே எழுதிக் குடுத்துருங்க.
வாங்கற ஆளு சங்ககிரிங்.
அங்க இந்தக் காத்தெல்லாம் அடிக்காதுங்."

எடைச்சீட்டின் முதுகில்
மூன்று எண்ணையும் எழுதினேன்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திசை போட்டு.
வாங்கிப் பார்த்தவர்
பாதியில் மடித்துக் கிழிக்கப் போய்
என்ன நினைத்தாரோ, பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போய் நான் ஒயரைச் சுருட்டும்போது
கருவி மறுபடியும் மினுங்கியது.
ஒரு செம்மறி,
மேற்கே பார்த்து,
எதிர்காற்றில் தலையைத் தாழ்த்திக்கொண்டு
இருபது மீட்டரைப் பதினெட்டு நொடியில் கடந்திருந்தது.

எடை தெரியாததால்
கணக்கை அப்படியே விட்டுவிட்டேன்.