இதர: 1

மஞ்சக்குப்பம் மண்டபத்தில் பதினொரு மணிக்குக் கூட்டம்.
பத்தரைக்கே போய் நாற்காலிகளை எண்ணினேன். நூற்றிருபது.
வந்தவர்கள் நாற்பத்தேழு பேர்,
அதில் பதினெட்டு எங்கள் ஆபீஸ்.

நகரப் போக்குவரத்து மேம்பாடு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு.
பேனரில் ஒரு 'த்' விழுந்து கருதுக் கேட்பாகி இருந்தது.
யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டு
சுண்டல் வரிசைக்குப் போனார்கள்.
மேசையில் எட்டடி வரைபடம்.
ஆளுக்கு ஐந்து ஒட்டுப் புள்ளி:
ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு,
பஸ் நிற்க வேண்டிய இடத்துக்குப் பச்சை.
பேசுவதைச் சுருக்கி எழுதுவது என் வேலை.

லாரன்ஸ் ரோடு ஜவுளிக்கடைத் தனஞ்செழியன்
ஒருவழிப்பாதை வந்தால் ஆடித் தள்ளுபடிக்கு
எவன் வருவான் என்று முக்கால் மணி நேரம் கேட்டார்.
'வணிகர்கள் ஆட்சேபம்.'
ஆட்டோ சங்கத்துக் கஃபூர்,
சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால்
சுற்றிப்போக எவ்வளவு கேஸ் எரியும் என்பதை
லிட்டரில், ரூபாயில், கடைசியில் கெட்ட வார்த்தையில் சொன்னார்.
'வடிகால்.'

பிலவேந்திரன் மடக்குக்கோலை நீட்டிக்கொண்டு எழுந்தார்.
"புள்ளி குடுத்தீங்க, சரி.
எது செவப்பு எது பச்சைன்னு
யாராச்சும் சொல்லிட்டுப் போங்க."
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
சென்னையிலிருந்து வந்த ஆலோசகர், நல்ல பையன்,
அவர் கையைப் பிடித்துப் படத்தின்மேல் நடத்தினான்:
இது கெடிலம் சார், இது பாலம், இது பஸ் ஸ்டாண்டு.
"வழவழன்னு இருக்கே தம்பி.
நம்ம ரோடு இப்பிடியா இருக்கு?"
அதைச் சுருக்கத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டே முக்கால்.
மைக்காரர் ஒயரைச் சுருட்டும்போது அஞ்சலாட்சி வந்தாள்.
இடுப்பில் காலிக் கூடை.
வாசலிலேயே வைக்கச் சொன்னோம்.
"பஸ்ஸுலயும் இதத்தான் சொல்றான்" என்று
கூடையோடு உள்ளே வந்தாள்.

"பொம்பளைக்கு டிக்கெட் இல்லன்னாங்க, சந்தோசம்.
கூடையப் பாத்தா வண்டி நிக்கவே மாட்டேங்குது.
ரெண்டு வண்டி மாறி, மிச்சம் நடந்து,
பஸ் வேணும்னு சொல்ல வந்தேன்.
வரதுக்குள்ள நீங்க நாக்காலிய மடக்குறீங்க."

ஊர் எது என்றேன்.
உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குப்பம்.
பிறந்ததிலிருந்து கடலூரில் இருக்கிறேன்,
அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.
இரண்டு முறை சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன்.

புள்ளிகளை வாங்கிக்கொண்டு தேடினாள்.
துறைமுகம் இருந்தது, ஆறு இருந்தது,
பிறகு வெள்ளை ஓரம், கம்பெனி முத்திரை,
வடக்கு எது என்று காட்ட ஓர் அம்பு.
கையை விரித்து அளந்தாள்.
படத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளி
மேசை விரிப்பின்மேல் பச்சையை ஒட்டி,
கட்டைவிரலால் அழுத்தினாள்.
மீதி நாலையும் என்னிடமே கொடுத்தாள்.
"ஒண்ணு நின்னாப் போதும்."

ஆறிய டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் டைப் செய்தேன்.
சாலை 14, வடிகால் 9, நிறுத்தம் 11, இதர 1.
வரைபடத்தில் ஒட்டியவை மட்டும்தான் நிறுத்தக் கணக்கில் சேருமாம்.
மேலதிகாரி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.
இதர என்ன என்று கேட்கவில்லை.

மறுநாள் மண்டபத்துக்குப் போன் போட்டேன்.
நிச்சயதார்த்தம் இருக்கிறதாம்,
விரிப்பு சலவைக்குப் போய்விட்டதாம்.
எதுக்கு மேடம் என்றார் வாட்ச்மேன்.
சும்மாதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
வழி கேட்டு வழி கேட்டுப் போனேன்.
தார் முடிந்த இடத்தில் இறங்கித் தள்ளினேன்.
அவள் இல்லை, சந்தைக்குப் போயிருந்தாள்.
புளியமரத்தடியில் நாலு கூடைகள் கவிழ்ந்திருந்தன,
ஏதோ வரப்போகிற மாதிரி.

இரண்டாம் வரைவில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்:
மண்டபத்திலிருந்து பதினொன்று புள்ளி நான்கு கிலோமீட்டர்.
ஆதாரம் என்ற கட்டத்தில்
என் வண்டி நம்பரை எழுதினேன்.