உதடு பொருந்தாத இடம்

பள்ளிபாளையத்தில் வெளிச்சமும் சத்தமும்
ஒரே கம்பியில்தான் வருகின்றன.
கரண்ட் இருந்தால் தறி ஓடும்,
தறி ஓடினால் வசனம் கேட்காது.
கரண்ட் போனால் ஊரே வாயை மூடும்,
அப்போது பார்த்து முகம் தெரியாது.

எங்கள் குறும்படம் ஏழு நிமிடம் நாற்பது நொடி.
கல்லூரியில் கொடுக்க இன்னும் இரண்டு ராத்திரி.

முகங்களை ஒரு நாள் எடுத்தோம்.
ஐநூறு வாட் பல்பு ஒன்று,
எதிரே யுகேந்திரன் தூக்கிப் பிடித்த தெர்மாகோல் அட்டை.
குரல்களை வேறொரு நாள்.
மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல்.
குடோன் கதவைச் சாத்தி
லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தோம்,
கஞ்சி வாசம், புழுக்கம்,
போன் வெளிச்சத்தில் வசனத்தாள்.

அப்பாவாக நடித்தவர் ஆறுச்சாமி.
இருபத்தாறு வருடமாகத் தறி ஓட்டுகிறவர்.
சும்மா பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.
அன்றைக்கு அந்த அமைதியில்
தன் குரலுக்குத் தானே கூச்சப்பட்டு
"நல்லா படி" என்றார்,
கல்யாண வீட்டில் கடன் கேட்பவர் போல.
யுகேந்திரன் கட்டைவிரலை உயர்த்தினான்.
ஒரே டேக்.

இப்போது மணி ஒன்றரை.
டைம்லைனில் நீலப் பட்டை அவர் குரல்,
பச்சைப் பட்டை தறி.
இரண்டு ஃபிரேம் முன்னே தள்ளுகிறேன்,
நான்கு ஃபிரேம் பின்னே இழுக்கிறேன்.
'நல்லா'வுக்கு உதடு ஒட்டாது.
இவர் ஒட்டித்தான் தொடங்குகிறார்.
குரல் முடிந்த பிறகும் வாய் முடியவில்லை,
ஒரு நொடிக்கு மேல்
எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறது.
அன்றைய ஒலியைத் திறந்தால்
தடதடவென்று தறி மட்டும்.

முதுகு ஷாட்டுக்கு வெட்டிவிடு என்றார் மேடம்.
சரிதான். முதுகுக்கு உதடு இல்லை.
ஆனால் அந்த இடத்தில்
யுகேந்திரனுக்குக் கை வலித்து அட்டை சாய்ந்து
வெளிச்சம் அவர் இடது கண்ணுக்குள்
ஒருமுறை வந்து போயிருக்கிறது.
கேட்டு வாங்க முடியாத வெளிச்சம் அது.

விடிந்ததும் லேப்டாப்போடு பட்டறைக்கே போனேன்.
ஆறுச்சாமி ஷிஃப்ட் முடிந்து கிளம்பியிருந்தார்.
பாவு பிணைத்துக்கொண்டிருந்த பழனாத்தாள்
திரையை எட்டிப் பார்த்தார்.
பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன.
என் நீலப் பட்டை அவர் காதுக்குப் போயிருக்க வழியே இல்லை.
சிரித்துக்கொண்டே என் காதோரம் வந்து கத்தினார்:
"பஸ்ஸுக்குக் காசு இருக்குதா கண்ணு-ங்கறாரு!"

நாங்கள் மூன்று வாரம்
நல்ல மைக்குக்காக ஈரோடு முழுக்க அலைந்தோம்.
இங்கே எல்லோரும்
வாயைப் பார்த்துத்தான் கேட்கிறார்களாம்.

வசனம் எழுதியவள் நான்.
எழுதும்போது டிக்கெட் காசு
எனக்குத் தோன்றவே இல்லை.

நீலப் பட்டையை அழித்தேன்.
பச்சையை ஏற்றினேன், மீட்டரில் சிவப்பு தொடும்வரை.
கீழே எழுத்துப் போடலாம் என்றான் யுகேந்திரன்.
வேண்டாம் என்றேன்.
தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும்,
மற்றவர்கள் சத்தம் அதிகம் என்று மார்க் குறைக்கட்டும்.

கடைசியாகப் பெயர்கள், கருப்பில் வெள்ளை.
ஃபான்ட் கட்டம் கட்டமாக உடைந்து
அதைச் சரி செய்வதற்கே ஒரு மணி நேரம்.
'வசனம்' என்பதன் கீழே என் பெயர் தனியாக நின்றது.
அதற்கு மேலே அவர் பெயரை அடித்தேன்.
இனிஷியல் தெரியவில்லை.
போன் போட்டேன்.
மறுபடி ஷிஃப்ட்டில் இருந்தார் போல.
"என்னுங்? என்னுங்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்,
பின்னால் பன்னிரண்டு தறி.

இனிஷியல் இல்லாமலே
ரெண்டர் போட்டுவிட்டேன்.