தாழ்ப்பாள்

அயோத்தியாபட்டணம் தாண்டி, ஆத்தூர் ரோட்டில்
எங்கள் சேகோ ஆலை ஆபீஸ் வாசலில்
மஞ்சள் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று மாட்டினோம்.
"உங்கள் யோசனை, நம் வளர்ச்சி."
எழுதியவர் லாரிகளுக்கு எழுதுகிறவர்.
பழக்கதோஷத்தில் அடியில்
"ஒலி எழுப்பவும்" என்றும் போட்டுவிட்டார்.

சாவி என்னிடம்.
நான்தான் மேனேஜர்.

ஒன்பது மாதம் கழித்துத் திறந்தேன்.
பல்லி முட்டை ஓடு,
டவுன் பஸ் டிக்கெட்,
ஏலச்சீட்டுக்கு யாரோ போட்டுப் பார்த்த கணக்கு.
அப்புறம் பதினோரு துண்டுத்தாள்.
கையெழுத்துதான் வேறு வேறு. சேதி ஒன்றே:
பொம்பளைங்க கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

அதற்கு முந்தின மாதம்
பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுத்தார்.
வட்டம் போட்டு, வட்டத்திலிருந்து அம்பு போட்டு
புதுமை புதுமை என்று மூன்று மணி நேரம்.
அப்போதும் பின்கட்டில்
ஒருத்தி உள்ளே போக
ஒருத்தி வெளியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
காவல் நின்றிருப்பாள்.

நாற்பத்தைந்து ரூபாய்.
செவ்வாய்ப்பேட்டையில் நானே வாங்கி
நானே பூட்டினேன். ஒரு திருகாணி கோணல்.
யாரும் நன்றி சொல்லவில்லை.
கந்தாயி மட்டும் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து
சத்தத்தைக் கேட்டுப் பார்த்தாள்.

மறு வாரம் உலர்களத்தில் அவள்தான் பேசினாள்:
"வடக்க பாருங்க சார். ஏற்காட்டு மல மறஞ்சா
கா மணியில இங்க தூத்த.
எங்களுக்குத் தெரியுது. ஆனா மணி அடிக்க
சூப்பர்வைசர் வரணும், அவரு உங்களக் கேக்கணும்,
நீங்க போன்ல இருப்பீங்க.
அதுக்குள்ள அரிசி கஞ்சி."

போன ஐப்பசியில் அப்படிப் போனது நாற்பது மூட்டை.
அதை நான் பேரேட்டில்
"இயற்கை" என்று எழுதியிருந்தேன்.

ஆபீஸ் மணியைக் கழற்றிக்
களத்துக் கம்பத்தில் கட்டினோம்.
பார்த்தவர் அடிக்கலாம்.
யாரையும் கேட்க வேண்டாம்.

முதல் மணி கந்தாயி அடித்தது.
இருபத்தாறு பேர் ஓடி, வாரி, குவித்து, மூடினார்கள்.
வெயில் பல்லைக் காட்டியது.
அரை நாள் காய்ச்சல் நஷ்டம்.
இருபத்தாறு பேரும் வானத்தைப் பார்க்கவில்லை,
என் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

இருபது வருஷத்தில் நான் செய்த வேலைகளில்
அதுதான் சிரமம்:
மூஞ்சியை ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பது.
நாக்கு நுனி வரை வந்தது.
எல்லாருக்கும் டீ சொன்னேன்.

இரண்டாவதும் பொய்மணி.
அடித்தவன் செங்கோடன், திப்பி அள்ளுகிறவன்.
அடித்துவிட்டு கேட் வரை போய்விட்டான்.

மூன்றாவதற்கு மழை வந்தது.
தார்ப்பாய்தான் பாதிக் களத்துக்கு மேல் எட்டவில்லை.
அந்த ராத்திரி செங்கோடன்
பழைய சைக்கிள் ரிம் இரண்டும் கம்பி வடமும் கொண்டுவந்து
தார்ப்பாயைத் திரை மாதிரி இழுக்க ஓர் ஏற்பாடு செய்தான்.
முதல் இழுப்பில் வடம் அறுந்து
என் ஸ்கூட்டர் கண்ணாடி போயிற்று.
"சம்பளத்துல புடிச்சுக்கங்க சார்."
பிடிக்கவில்லை.
கண்ணாடியும் இன்னும் மாற்றவில்லை.
அடுத்த வடம் இரட்டை முறுக்கு, நிற்கிறது.

வருஷக் கடைசியில் முதலாளி கேட்டார்,
இதில் எவ்வளவு மிச்சம் என்று.
நனையாத மூட்டையை
எந்தப் பத்தியில் வரவு வைப்பது?
முழித்தேன்.
பதினேழு மணியில் ஒன்பது பொய் என்பதை மட்டும்
அவரே எண்ணி வைத்திருந்தார்.
"கொறைக்கச் சொல்லுங்க" என்றார்.
தலையாட்டினேன்.
களத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மஞ்சள் பெட்டிக்கு இப்போது பூட்டில்லை.
யாரோ சுண்ணாம்பு டப்பி வைக்கிறார்கள்.
சாவி என் மேசையில்தான் எங்கேயோ.

இதை எழுதும்போது
மலைக்குத் தலை தெரிகிறது, இடுப்பைக் காணோம்.
ஜன்னலுக்கு அப்பால்
கந்தாயி நெற்றியில் கை வைத்து வடக்கே பார்க்கிறாள்.
கம்பத்துப் பக்கம் நடக்கிறாள்.
என் பக்கம் திரும்பவே இல்லை.