ஏழெட்டு

காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம்
இன்னும் சமையலறை மேசையாகத்தான் இருக்கிறது.
ஓட்ஸ் கஞ்சி காய்ந்த கிண்ணம்.
டூகல் மறந்துபோன ஒற்றைக் கையுறை,
அதில் இரைமீன் வாடை.
மூன்றரைக்கே படகேறிவிட்டான்.
கேப் பிரெட்டனில் மே மாதம்
சிங்கிறாலுக்குத்தான் முதல் மரியாதை.

வகுப்பு ஒன்பதுக்கு என்கிறது
ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிய அட்டவணை.
காந்தம் வலுவிழந்து
நாளுக்கொரு விரற்கடை கீழிறங்கி
இன்று மோரக்கின் கைக்கு எட்டிவிட்டது.
புதன்கிழமையைத் தின்றுவிட்டாள்.
மூன்று வயது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை.
ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

லாக்கிக்கு எட்டு.
மேசைக்கு அடியில் படுத்துத்தான் வாசிப்பான்.
மேலே உட்கார்ந்தால் எழுத்துகள் ஓடுகின்றன என்றான்.
பழைய பள்ளியில் அதற்கு
மூன்று பக்க அறிக்கை கொடுத்தார்கள்.
நான் ஒரு டார்ச்சும் தலையணையும் கொடுத்தேன்.
எது சரியென்று எனக்கு இன்னும் தெரியாது.

ஏழெட்டு?
ஐம்பத்து நாலு.
ஏழேழு?
நாற்பத்தொன்பது.
அப்போது ஏழெட்டு?
ஐம்பத்து நாலு.
ஏழோ எட்டோ என்று கேட்கவில்லை, கண்ணா,
ஏழு தடவை எட்டு.
பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தேன்.
ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு.
தொட்டுத் தொட்டு எண்ணினான்.
ஐம்பத்து நாலு.
நானும் எண்ணினேன்.
ஐம்பத்து நாலேதான்.
மோரக்கின் வாயைத் திறந்து
இரண்டை வெளியே எடுத்தேன்.

தபால்காரப் பெண் வந்தாள்.
பைஜாமாவும் ரப்பர் பூட்ஸுமாக நின்றவனைப் பார்த்து
இன்றைக்குப் பள்ளி இல்லையா என்றாள்.
இடைவேளை, என்றான் லாக்கி.

கரையோரம் கடைசிப் பனிக்கட்டிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
கடல் உறைந்தால் உப்பு எங்கே போகும்?
புத்தகத்தில் தேடினேன். திமிங்கிலம் இருந்தது,
எரிமலை இருந்தது.
வாளியோடு இறங்கிப்போய்க்
கடலில் கொஞ்சம் மொண்டுவந்தோம்,
ஒரு கிண்ணம் ஃபிரீசருக்குள் போனது,
பட்டாணிப் பொட்டலத்துக்கும் போன வருஷத்து மீனுக்கும் நடுவே.

பகலுணவுக்குப் பிறகு எழுத்துப் பயிற்சி.
பென்சில் உடைந்தது. துருவியதும் உடைந்தது.
பிறகு அவன் உடைந்தான்.
பிறகு நான்.
இருவரையும் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு
முற்றத்தில் நின்ற டிரக்கில் ஏறிக்
கதவைச் சாத்திக்கொண்டேன்.
சாவி போடவில்லை. எங்கும் போகவில்லை.
பதினோரு நிமிடம்
நகராத வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மூக்குகள் நசுங்கின.
அவன் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தான்:
அம்மா உள்ளே வறவும்.
முதலில் அந்த றகரத்துக்குத்தான் கை போனது,
வெறுங்காற்றில், திருத்த.
அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

டூகல் வந்தான், உப்பும் டீசலுமாக.
கை கழுவிக்கொண்டே
ஏழு வரிசை இழுத்தோம், என்றான்,
வரிசைக்கு எட்டு பொறி,
மொத்தம் ஐம்பத்து நாலு, பரவாயில்லை.
கரண்டி என் கையிலேயே நின்றது.
மேசைக்கு அடியிலிருந்து லாக்கி
டார்ச்சை என் முகத்தில் அடித்து
மெதுவாக அணைத்தான்.

இரவு. ஜூனில் அனுப்ப வேண்டிய அறிக்கை.
மொழி: ஒரு வாக்கியம், பயன் தந்தது.
கணக்கு: பெருக்கல். குடும்பம் முழுவதும் தொடர்கிறது.
அறிவியல் என்று எழுதியபோதுதான்
கிண்ணம் நினைவுக்கு வந்தது.

விளக்குப் போடாமல் ஃபிரீசரைத் திறந்தேன்.
மேல்பரப்பைச் சுரண்டி நாக்கில் வைத்தேன்:
சாதாரணத் தண்ணீர்போல, ஏறக்குறைய.
கத்தியை இன்னும் ஆழமாக இறக்கினேன்.
அடியில் உறையாத ஒரு கலங்கல்,
நாக்கைச் சுட்டது.

மணி பதினொன்று.
கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு
அவன் அறை வாசலில் நிற்கிறேன்,
எழுப்பலாமா என்று.