சுவர்க்கனம்

ஒன்பது புள்ளி ஒன்பது ஏழு.
செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, கால் மைல் ஓடி
டானெட் வாங்கிய சீட்டில் அந்த எண்.
வண்டிக்குள்ளிருந்தே கத்தினாளாம்.
கத்தி முடிப்பதற்குள் திடல்காரர் வந்து நின்றாராம்:
பத்து நொடிக்குள் ஓடுகிற வண்டி
முழுக் கூண்டில்லாமல் இனி இந்த வாசலை மிதிக்காது.

அதனால்தான் ஜனவரியில்,
மன்சிக்கு வெளியே, சோளக்கட்டை துருத்தும் வயலோரம்,
என் கொட்டகை வாசலில் அவளுடைய நோவா.
விவாகரத்துக்குப் பிறகு முதல் முறை.
வண்டிக்கு வழி மறக்கவில்லை;
இடது சக்கரம் அதே பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"என்ன குழாய்?" என்றாள், கையுறையைக் கழற்றாமல்.

மைல்ட் ஸ்டீல் என்றால் ஒன்றே முக்கால் அங்குலம்,
சுவர் ஆயிரத்தில் நூற்றுப் பதினெட்டுக்குக் குறையாமல்.
கனம்தான். ஆனால் பொறுமைசாலி.
என் பழைய மிக் வெல்டரோடும் ஒத்துப்போகும்.
குரோமோலி என்றால் ஒன்றரையே அரைக்கால் போதும்,
சுவர் எண்பத்து மூன்று.
நாற்பது பவுண்டு மிச்சம், விலை இரண்டு மடங்கு.
டிக் வெல்டிங் மட்டும்தான்; குனிந்து, மூச்சடக்கி,
மூட்டு மூட்டாக.
அவசரமாக ஆறினால் ஓரத்தில் ஒரு விரிசல் விழும்:
கண்ணுக்குத் தெரியாது,
வேகத்துக்குத் தெரியும்.

"மூன்றாவது வழி?"
கேட்பாள் என்று தெரியும்.

இருக்கைக்குப் பின்னால் ஏற்கெனவே நிற்கிறதே, அந்த வளையம்,
பதினோரு வருடம் முன்பு நான் வளைத்தது,
அதோடு முன்கால்களைச் சேர்த்துக் கூண்டாக்கலாம்.
பாதிச் செலவு.

பெயின்ட்டைச் சுரண்டி, பசை தடவி,
ஒலியால் சுவர் அளக்கும் மானியின் முனையை வைத்தேன்.
நூற்றெட்டு.
இரண்டு விரல் தள்ளி: நூற்றேழு.
வளைவின் வெளிப்புறத்தில் நான் வைக்கவில்லை.
அவள் வாங்கி வைத்தாள்.
தொண்ணூற்றாறு.

புரொப்பேன் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது.

சொன்னேன்.
ஆண்டர்சனில் ஒரு பழைய இரும்புக் கடை.
உள்ளே விரல் விட்டால் தையல் தட்டுப்படுகிற குழாய்.
விட்டேன், தட்டுப்பட்டது.
நல்ல குழாய் என்று உன்னிடம் சொன்னேன்.
குழந்தைக்குக் காய்ச்சல், வாடகை பாக்கி,
இப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்ல வசதி.
ஒன்றுமில்லை. அறுபது டாலர் மலிவு.
அவ்வளவுதான்.

"ஐந்நூறு ஓட்டம்," என்றாள்.
கொஞ்சம் கழித்து, "ஐந்நூறுக்கு மேலேயே."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்;
பதிலுக்கு என்னிடமும் பழைய சண்டைகள் இருந்தன,
துருப்பிடிக்காமல்.

ரம்பத்தை அவளே எடுத்தாள்.
அறுபட்ட வளையம் சிமென்ட் தரையில் விழுந்து
எழுப்பிய ஓசையை இருவரும் கேட்டோம்.
என் காதுக்கு அது சன்னமாகத்தான் கேட்டது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் குரோமோலி வந்தது.
இருபதடி நீளம், எண்ணெய் மினுக்கம்,
இறக்கும்போது உள்ளங்கையைக் கடிக்கிற குளிர்.
குளிர்ந்த குழாயில் சுடர் வைக்கக் கூடாது;
கொட்டகைச் சூட்டுக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் அளவெடுத்தேன்.
தலைக்கவசம் போட்டு, வார் இறுக்கி, உட்கார்ந்தாள்.
உச்சிக்கு மூன்று அங்குலம் மேலே வளையம் நிற்க வேண்டும்.
முப்பத்து நாலரை என்று
டேப் நீள்வதற்குள் எழுதிவிட்டேன்.
"பார்த்து எழுது," என்றது கவசம்.
பார்த்தேன். முப்பத்தைந்தே கால்.

பிறகு இறங்கி, ஆலைச் சான்றிதழை வரிவரியாக வாசித்தாள்.
ஒவ்வொரு குழாயின் வாயிலும் சுண்டுவிரல் விட்டுச் சுற்றினாள்.
மானியை என்னிடம் தரவில்லை.
"நான் சொல்கிறேன். நீ எழுது."

எண்பத்து மூன்று.
எண்பத்து நான்கு.
எண்பத்து மூன்று.
குழாய்க்கு மூன்று இடம், ஆறு குழாய்.
நான்காவதில் நின்றாள். துடைத்தாள். மறுபடி வைத்தாள்.
பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி நான்.
"எண்பத்தைந்து. எழுது."

எழுதினேன்.
எங்கள் மூச்சு இன்னும் வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி
குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.
"இன்னும் குளிர் போகவில்லை."