ஏழு மில்லிமீட்டர்

எண்பது மீட்டர் உயரத்தில் வேலை பார்க்கிறவள்
கார் மட்டும் தரையோடு கிடக்கணும் என்கிறாள்.
பெயர் ஜெபக்கனி. ராதாபுரம் பக்கம் காற்றாலை.
கொச்சியில் கைமாறி வாங்கிய இரண்டு கதவு வண்டி,
கருப்பா என்று இரண்டு தரம் பார்க்க வைக்கும் நீலம்.

வைகாசியில் பேட்டை ஷெட்டுக்குள் ஏற்றி நிறுத்தினோம்.
அட்டைப்பெட்டியில் நான்கு காயிலோவர்,
மஞ்சள் சுருள், உடம்பெல்லாம் மரை.
"விலையக் கேக்காதீங்க அண்ணாச்சி,
எங்க அம்மைக்குத் தெரியாது."

பழைய ஷாக்கைக் கழற்றவே ஒரு பகல் போச்சு.
நிவாஸ்கான் டீசல் ஊற்றினான், சூடு காட்டினான்,
நாலடி பைப்பைச் செருகித் தொங்கினான்,
கடைசியில் மேலப்பாளையத்து வசவு ஒன்றை
போல்ட்டின் காதருகே மெதுவாகச் சொன்னான்.
அதற்குத்தான் இளகியது.

புதுசை மாட்டுவது கஷ்டமில்லை.
மேலே மூன்று நட், கீழே ஒன்று.
கஷ்டமெல்லாம் இல்லாத இடத்தில்தான்.
சுருளுக்கும் டயருக்கும் நடுவே
என் சுண்டுவிரல் போய்வரணும்.
அகல ரிம் வேறு வாங்கி வைத்திருக்கிறாள்.
உள்ளே இடித்தால் ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளணும்,
வெளியே தள்ளினால் மட்கார்டு கடிக்கும்.
வாடகை வீட்டில் பீரோ நகர்த்துகிற கதை.

முன்பக்கம் அமைந்தது. பின்வலது அமைந்தது.
பின்இடது பிடிகொடுக்கவில்லை.

கொக்கி ஸ்பேனரால் வளையத்தை ஏற்றினேன், இறக்கினேன்.
டேப் பிடித்தால் நாலு மூலையும் ஒரே உயரம்.
கேடிசி நகர் வேகத்தடையில் ஏறினால்
காய்ந்த பனையோலையைத் தார்ரோட்டில் இழுத்த சத்தம்.

திரும்பி வந்து தூக்குக்குண்டு கட்டினேன்.
மட்கார்டு உதட்டிலிருந்து நூல் இறங்கியது.
வலப்பக்கம் ஒரு கணக்கு.
இடப்பக்கம் அதைவிட ஏழு மில்லி உள்ளே.

நிவாஸ் ஒன்றும் பேசவில்லை.
பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி
வலது மட்கார்டில் வைத்தான். ஒட்டியது.
இடதில் வைத்தான்.
வழுக்கிக்கொண்டு காலடியில் விழுந்தது.

பட்டி. விரல் தடிமனுக்குப் பட்டி.
எங்கேயோ யாரோ எதிலோ மோதி
இழுத்து, நிரப்பி, தேய்த்து, மினுக்கி
ஒரு கீறல் இல்லை என்று விற்றிருக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது நினைத்தேன்,
இடது வளையத்தை மட்டும் ரெண்டு சுற்று ஏற்றிவிட்டால்
சத்தம் நின்றுவிடும். யார் தூக்குக்குண்டு கட்டப்போகிறார்?
சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய்.
நன்றாகத்தான் இறங்கியது.
கை கழுவிவிட்டு போன் போட்டேன்.

"மேல நிக்கேன் அண்ணாச்சி, காத்து ஒண்ணும் கேக்க விடல,
சாயந்தரம் வாரேன்."

வந்தாள், இரும்பு மூக்கு வைத்த ஷூவோடு.
காந்தத்தைத் தானே வைத்துப் பார்த்தாள். விழுந்தது.
இன்னொரு தரம் வைத்தாள்.
"டவரும் இப்படித்தான்.
கீழ நின்னா கம்பு நட்டாப்ல இருக்கும்.
ஏறினாத்தான் ஆடுறது தெரியும்."

நாலையும் பன்னிரண்டு மில்லி ஏத்தலாம் என்றேன்.
தலையை ஆட்டினாள்.
உதட்டை மடக்கலாம், ஆனா பட்டி வெடிச்சிரும் என்றேன்.
"வெடிக்கட்டும். மடக்குங்க."

ஹீட்கன் பிடித்து, உருளை கொடுத்து
அங்குலம் அங்குலமாக மடக்கினேன்.
மூன்றாவது நடைக்கு 'டப்' என்றது.
உள்ளங்கை அளவு நீலம் தரையில் விழுந்தது,
பின்னால் வெள்ளை மாவாகப் பட்டி.
அதற்கும் அடியில், நசுங்கிய தகட்டில்,
சிவப்பு.

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
"செவப்பால்லா இருந்திருக்கு" என்றாள்,
பழைய போட்டோவில் யாரையோ கண்டதுபோல.

வேகத்தடையில் இப்போது சத்தமில்லை.
நாங்குநேரி வரை போய்த் திரும்பினோம்,
சுண்டுவிரல் போய்வருகிறது.
பெயின்ட்டுக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி
விழுந்த நீலச் சில்லைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆனி போய் ஆடியும் பாதி ஆயிற்று.
காற்று சீசன், லீவு கிடைக்காதாம்.
வள்ளியூர் பைபாசில் அந்த வண்டியைப் பார்த்ததாக
டயர் கடை சேர்மக்கனி சொன்னான்.
தாழத் தாழப் போனதாம்,
இடுப்பில் ஒரு சிவப்போடு.