பெயர் எழுதும் கோடு

கொலம்பியா ஆறு கடலோடு மல்லுக்கட்டும் முனையில்
மூன்றாம் நாளாக மழை.
சமையலறை மேசைமேல் வாக்குச்சீட்டு விரிந்து கிடக்கிறது.
இரண்டு பக்கம், இருபத்தேழு கேள்வி,
கறுப்பு மையால் மட்டும் நிரப்பவும் என்றொரு கட்டளை.
வீட்டில் இருப்பதெல்லாம் நீலப் பேனா.

பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா ஹாவிஸ்டோ
நனைந்துகொண்டே போய் வண்டியைத் துழாவி
ஒரு கறுப்புப் பேனாவோடு வருகிறாள்.
வெண்டெல் தன் சீட்டை இன்னும் தொடவில்லை.
நண்டுக் கூண்டுக்குக் கயிறு முடிந்தபடி,
"நான் ஒரு முட்டையைக் கறுப்பாக்காவிட்டால்
எந்தக் குடியும் முழுகிவிடாது" என்கிறான்.

மேலே உள்ள பெயர்கள் சுலபம்.
அவர்களுக்காகத் தொலைக்காட்சியே
ஆண்டு முழுக்கச் சண்டை போட்டு முடித்துவிட்டது.
கீழே இறங்க இறங்கத்தான் முகம் மங்குகிறது.
நீதிபதி பதவிக்கு ஒரே ஒருவர்.
தனியாக நிற்கிறாரே, பாவம் என்று
லோர்னா அவருக்கும் ஒரு முட்டை தருகிறாள்.

பள்ளிக்கூரைக்குப் புது வரி: ஆயிரத்துக்கு ஒரு டாலர் பத்து சென்ட்.
"நமக்குத்தான் பிள்ளை இல்லையே."
"எனக்கு நாற்பத்தொன்று இருக்கு.
டோபினுக்கு வகுப்பில் வாளிக்குப் பக்கத்து இடம்.
சாயங்காலம் ஏறும்போது தொப்பியைப் பிழிந்துவிட்டுத்தான் ஏறுவான்."
வெண்டெல் பதில் சொல்லவில்லை.
முடிந்த முடிச்சை ஏனோ அவிழ்த்து
மறுபடி முடிகிறான்.

மாடியில் குடியிருக்கும் மரிசெலா ஒச்சோவா இறங்கி வருகிறாள்.
ஜூனில் குடியுரிமை, இது முதல் சீட்டு.
விளக்கப் புத்தகம் முழுக்க அடிக்கோடு.
"இதில் தப்பான விடை உண்டா?"
"உண்டு. நாலு வருஷம் கழித்துத் தெரியும்."
ஒன்பதாம் தீர்மானத்தில் மூவரும் மாட்டிக்கொள்கிறார்கள்:
தடையை நீக்கிய விதியை நீக்கலாமா.
ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம்.
இங்கேயே பிறந்த இருவருக்கும்
மரிசெலாதான் விரல் வைத்து விளக்குகிறாள்.

கடைசியில், பக்கத்தின் அடியில்,
குடிநீர் வாரியம், நான்காம் இடம்.
யாரும் நிற்கவில்லை.
காலியாக ஒரு முட்டை, அதன் பக்கத்தில் ஒரு கோடு.
வேண்டியவர் பெயரை எழுதலாம்.

இருப்பது ஒரு பேனா. அது கைமாறுகிறது.
பரீட்சைப் பிள்ளைகள்போல
ஒவ்வொருவரும் இடக்கையால் மறைத்துக்கொள்கிறார்கள்.
பிப்ரவரியில் தேவாலயத்துக்குப் பின்னால் குழாய் வெடித்த இரவு
யாரும் கூப்பிடாமலே திருகுக்கட்டையோடு போனது யார் என்று
லோர்னாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
வெண்டெல் எழுதும்போது மட்டும் சிரிக்கிறான்.
காலடியில் படுத்திருந்த பிஸ்கட் வாலை ஆட்டுகிறது.

உறையை நக்கி ஒட்டி, கையெழுத்திட்டு,
நூலகத்து வாசல் பெட்டியில் போட்டாயிற்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
அளந்தார்களா என்று ஆற்றுக்கா தெரியும்?

டிசம்பரில் மாவட்ட அலுவலகத்துக் கடிதம்.
திரு. வெண்டெல் ஹாவிஸ்டோ, வாழ்த்துகள்,
குடிநீர் வாரியம், நான்காம் இடம்,
பெற்ற வாக்குகள் நான்கு.
சிதறிய பெயர்கள்: ஒன்று.
அந்த ஒன்று யாருடையதென்று மட்டும் அவனுக்குத் தெரியும்.
அதன் கழுத்துப் பட்டையைத்தான் இப்போது பிடித்திருக்கிறான்.

"நீயா?"
லோர்னா உருளைக்கிழங்கின் தோலை
அறாமல் சீவிக்கொண்டிருக்கிறாள். "ரகசிய வாக்கு."
மாடியில் நடந்துகொண்டிருந்த காலடி
சற்றே நிற்கிறது.
சரி, இரண்டு என்று வைத்துக்கொண்டாலும்
மிச்சம் இரண்டு?

பத்து நாளில் சம்மதம் தெரிவிக்க ஒரு படிவம்.
அதை உப்புக் குப்பிக்கு அடியில் வைத்துவிட்டு
நாயோடு தெருவில் இறங்குகிறான்.
எதிரே வந்தால் தலைகூட அசைக்காத புரூயிட் வீட்டில் விளக்கு எரிகிறது.
வேலித் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாத இங்மார் வீட்டிலும்.
மழை விட்டிருக்கிறது.
வெண்டெல் ஒவ்வொரு ஜன்னலுக்கு முன்னாலும்
கொஞ்சம் நின்று நின்று போகிறான்.